பேசுவது வேறு, சொல்வது வேறு: ஆட்டிஸ்டிக் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தியூர் குருநாதசாமி திருவிழாவின் மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்தியே ஆயிரக்கணக்கில் கூட்டிக் குறைத்து முடித்துவிடுவார்கள். வாயிலிருந்து ஒரு சொல் வராது, ஆனாலும் அதற்குப் பெயர் விலை பேசுவதுதான். எங்கள் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனுக்குள் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தச் சத்தத்தில் காதில் எதுவும் விழாது, அதனால் பாவு அறுந்ததா, டீ வந்துவிட்டதா, முதலாளி கூப்பிடுகிறாரா எல்லாமே கையிலும் உதட்டசைவிலும்தான் நடக்கும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மகனுக்கு வாய்ப்பேச்சு வரவில்லை என்றதும் "அவனுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது" என்று எல்லோரும் முடிவு கட்டினார்களே, அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவனுக்கு ஆட்டிசம், அதாவது சத்தத்தையும் சொல்லையும் மனிதர்களையும் மூளை பிறவியிலேயே வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் இயல்பு. இப்போது 11 வயது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சொற்கள் வாயில் வரும், சில நாள் அதுவும் இருக்காது. எனக்கும் ஆட்டிசம்தான். அவனைப் பரிசோதித்தபோது கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் என் சின்ன வயதைப் பற்றிக் கேட்ட மாதிரியே இருந்தது, அதனால் கோவையில் ஒரு உளவியலாளரிடம் நானும் போய், 37 வயதில் தெரிந்துகொண்டேன். எனக்குப் பேச்சு நன்றாக வரும். ஆனால் கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தால் வாய் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அடுத்த அறையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில்தான் "கிளம்பலாம்" என்று எழுதுவேன். நான் மருத்துவரோ பயிற்சியாளரோ இல்லை. உள்ளே இருந்து பார்த்ததையும், படித்துச் சரிபார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள், முக்கியமாக முதல் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் காது, பல், வயிறு

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும், தூங்கும்போதே செய்யக்கூடிய 'பெரா' சோதனை இருக்கிறது. அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், டிஇஐசி என்றால் உடனே புரியும்.

அடுத்தது வலி. என் மகன் நாலு வயதில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். எல்லோரும் அடம் என்றார்கள், நானும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது தெரிந்தது. சொல்ல வழியில்லாத பிள்ளை வலியை உடம்பால்தான் காட்டும். திடீரென்று நடத்தை மாறினால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இந்த நாலையும் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

2. ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நாலாகக் கோடு போட்டு, முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நாம் என்ன செய்தோம், அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள். "அடம் பிடித்தான்", "கத்தினான்" என்று மொட்டையாக எழுதாமல், என்ன நடந்ததோ அதை எழுத வேண்டும். "மிக்ஸி போட்டேன், காதைப் பொத்திக்கொண்டு என் முந்தானையை இழுத்தான், நிறுத்தினேன், போய்விட்டான்." இதில் ஒரு முழு வாக்கியம் இருக்கிறது, அவன் அதைச் சொல்லிவிட்டான், நாமும் புரிந்துகொண்டோம்.

என் நோட்டில் ஒரே வாரத்தில் 23 விதம் சேர்ந்தது. செருப்பை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தால் வெளியே போகலாம். என் கையைப் பிடித்து மோட்டார் ஸ்விட்சுக்குக் கொண்டுபோனால் தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும். தாடையை என் தோளில் அழுத்தினால் பயம். ஒன்றுமே சொல்லத் தெரியாது என்ற பிள்ளையிடம் இருந்த 23 சொற்கள் இவை.

அந்த நோட்டை வீட்டில் எல்லோரிடமும் காட்டுங்கள். என் மாமியார் படித்துவிட்டு, "என்ற பேரன் பேசறானோ இல்லையோ, சொல்லிப்போடறான் அம்மிணி, நமக்குத்தான் கேக்கத் தெரியலை" என்றார். வீட்டுக்குள் எல்லாமே மாறத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

3. நம் பேச்சைத் திருத்துவது

இது பெரியவர்களுக்கான படி, எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான். நாம் சொல்வது ஒன்று, நினைப்பது வேறாக இருக்கும், தமிழில் அது மரியாதை. அவனுடைய அப்புச்சி வந்தால் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன் சாமி" என்பார். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். பையன் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். வர்றேன் என்றவர் வர வேண்டுமே. ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்து, அப்புறம் தாங்க முடியாமல் அழுவான். பல மாதம் இது ஏன் என்றே எங்களுக்குப் புரியவில்லை. அப்புச்சிக்கு "போறேன்" என்று வாயில் வரவே வராது, ஆகையால் நடுவில் ஒரு சொல் சேர்த்தோம். "போயிட்டு ஞாயித்துக்கிழமை வர்றேன்." காலண்டரில் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். அழுகை நின்றது.

"பார்க்கலாம்" இன்னொன்று. நாம் இல்லை என்பதற்குத்தான் பார்க்கலாம் என்கிறோம். அவனுக்கு அது வாக்குறுதி. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள், ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "சாப்பிட வர்றயா?" என்று கேட்டுவிட்டு அவன் வராவிட்டால் கோபப்படாதீர்கள், வருவதும் வராததும் அவன் விருப்பம் என்ற மாதிரிதான் நீங்கள் கேட்டீர்கள்.

சொற்களைக் குறையுங்கள். "வந்து உட்காரு, சோறு ஆறுது, கை கழுவினயா, அந்த அழுக்குச் சட்டையைக் கழட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் உள்ளே போகாது. "கை கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் மறுபடி சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனக்கே சில நேரம் இருபது வரை ஆகும், கேள்வி காதில் விழுந்து பொருளாகி, பதில் சொல்லாகி வருவதற்கு.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல் கேட்காது, சொல்லைக் கேட்க வேண்டுமென்றால் சுவரையோ தரையையோ பார்க்க வேண்டும். என் மகனும் அப்படித்தான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரே ஆட்டிஸ்டிக், ஆட்டிஸ்டிக் மகனுக்குத் தகப்பனும் கூட, 2012-ல் ஒரு கேள்வி எழுப்பினார்: புரியாமை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது, ஏன் ஒரு பக்கத்தை மட்டும் குறை என்கிறோம்? இதை இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று சொல்லலாம். 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு எடின்பரோவில் 72 பேரை வைத்து, ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்தும் சோதனை செய்தது. ஆட்டிஸ்டிக் மனிதர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை மற்றவர்களுடைய சங்கிலியில் போன அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது, இருவரும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிந்தியது. பின்னர் இன்னும் பெரிய அளவில் அவர்கள் செய்தபோது கலந்த சங்கிலியிலும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு முறையும் மாறாமல் நின்றது ஒன்று: ஆட்டிஸ்டிக் மனிதர்கள் தங்களுக்குள் செய்தி சொல்வதில் குறைந்தவர்கள் இல்லை. எனக்கு இது படித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை, நானும் என் மகனும் ஒரு வார்த்தை இல்லாமல் முழு மத்தியானத்தையும் சண்டையில்லாமல் ஓட்டுவோம்.

4. திருப்பிச் சொல்வதும் பேச்சுதான்

ஆறு வயதில் என் மகன் என்னிடம் வந்து, "சாப்பிடறயா சாமி?" என்பான். அவன் அப்பத்தாவின் குரல், அதே இழுப்பு. எனக்குப் பசிக்கிறது என்பது அதன் பொருள். சோறு வரும் நேரமெல்லாம் அவன் காதில் விழுந்தது அந்த வாக்கியம்தான், ஆகவே சோற்றை வரவழைக்கும் வாக்கியம் அதுவே என்று எடுத்துக்கொண்டான். சில நாள் "கருமத்தம்பட்டி, ஹோப்ஸ், காந்திபுரம்!" என்று கண்டக்டர் மாதிரி கத்துவான். பஸ்ஸில் போக வேண்டும் என்று முதலில் நினைத்தோம். நோட்டை வைத்துப் பார்த்தால் வீட்டில் ஆள் கூடும்போது மட்டும்தான் இது வருகிறது, இங்கிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்பது அதன் பொருள்.

இதை எக்கோலேலியா என்பார்கள். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் இருந்த 11 பிள்ளைகளில் 8 பேர் பேசினார்கள், பேசியவர்களிடமும் இந்தத் திருப்பிச் சொல்லல் இருந்தது. அவர்களில் ஒரு பையன் அடிக்கடி "நாயை பால்கனியிலிருந்து வீசாதே" என்பானாம். அங்கே நாயும் கிடையாது, பால்கனியும் கிடையாது. முன்பொரு நாள் ஒரு விடுதி பால்கனியிலிருந்து அவன் பொம்மை நாயை வீசியபோது அம்மா சொன்ன வாக்கியம் அது. எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் அவன் தன்னைத்தானே அதைச் சொல்லி அடக்கிக்கொண்டான். 1981-ல் பேரி பிரிசன்ட், ஜுடித் டுகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகள் உடனுக்குடன் திருப்பிச் சொல்வதைப் படம்பிடித்து ஆராய்ந்து, அதில் ஏழு விதமான பயன்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஆமாம் என்பதற்குப் பதிலாகக் கேள்வியையே திருப்பிச் சொல்வதும் அதில் ஒன்று.

ஆகவே கிளிப்பிள்ளை என்று சொல்லாதீர்கள். முதலில் அது எந்த இடத்தில் பிறந்த வாக்கியம் என்று தேடுங்கள். அப்புறம் பதில் சொல்லுங்கள், சோறு கேட்டால் சோறு போடுங்கள். போடும்போது அதே இழுப்பில் "எனக்குப் பசிக்குது" என்று அவன் வாயில் வர வேண்டிய மாதிரி நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. என் மகனுக்கு அது வாயில் வர ஒன்றரை வருடம் ஆனது. வராமலே இருந்திருந்தாலும் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

5. பலகை செய்வது

படப் பலகை பேச்சை நிறுத்திவிடும் என்று எங்களிடம் ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். அதை நம்பி இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம், அந்த இரண்டு வருடத்தை எண்ணி நான் இன்னும் வருந்துகிறேன். 2006-ல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இப்படிப் பலகை, சைகை போன்ற மாற்று வழிகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நம்பகமான முறையில் கவனிக்கப்பட்ட 27 பேரில் 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது, மீதிப் பேருக்கு மாற்றமில்லை, ஒருவருக்கும் குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான். பேச்சு கூடாவிட்டாலும் பலகை தேவை, தாகத்தைச் சொல்ல வேண்டுமே.

செய்முறை. உங்கள் வீட்டுப் பொருள்களையே போனில் படம் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கண்ணாடிக் கோப்பைப் படம் வேண்டாம், அவன் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். சந்தகை, அரிசிம்பருப்பு சோறு, மஞ்சள் வாளி, மொட்டை மாடி, அப்பாவின் வண்டி. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்து லேமினேஷன் செய்யுங்கள். பின்னால் ஒட்ட வெல்க்ரோ வேண்டும், திருப்பூர்ப் பக்கம் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். படத்துக்கு மேலே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், சில பிள்ளைகள் யாரும் கற்றுக்கொடுக்காமலே படித்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் பலகை முழுக்கத் தின்பண்டமாக இருக்கும், அங்கேதான் தவறு. முதல் அட்டை 'வேண்டாம்' ஆக இருக்கட்டும். அப்புறம் போதும், நிறுத்து, இன்னும், வலிக்குது, உதவி, பிடிக்கலை, பயமா இருக்கு, தனியா இருக்கணும், போலாம், என்ன இது. எல்லா இடத்திலும் பயன்படும் சொற்கள் இவை. 'வேண்டாம்' என்று அவன் காட்டினால், மருந்து, ஊசி, சாலையைக் கடப்பது போன்றவை தவிர, அதை மதித்தே ஆக வேண்டும். மதிக்காவிட்டால் அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். அப்புறம் ஒன்று: தன் உடம்பைத் தொடுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசியுங்கள். உடம்பு உறுப்புகளின் பெயர்களும் பலகையில் இருக்க வேண்டும், எல்லா உறுப்புகளும்.

பயன்படுத்துவது எப்படி? முதல் இரண்டு மூன்று மாதம் பலகையில் பேச வேண்டியது நீங்கள். "தண்ணி குடிக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைத் தொடுங்கள். "அம்மாவுக்கு இது பிடிக்கலை" என்று பிடிக்கலையைத் தொடுங்கள். குழந்தை பேசுமுன் ஒரு வருடம் நாம் அதனிடம் பேசிக்கொண்டே இருப்பதில்லையா, அதே கணக்கு. "இது என்ன, காட்டு, காட்டு" என்று பரீட்சை வைக்காதீர்கள். சொன்னால்தான் தண்ணீர் என்று டம்ளரைப் பின்னால் மறைக்காதீர்கள். கோபத்தில் பலகையைப் பிடுங்கி வைக்கவே கூடாது, ஒருவர் வாயைப் பொத்துவதும் அதுவும் ஒன்று.

6. போனில் செயலி

படங்கள் அறுபது எழுபதைத் தாண்டும்போது, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் செயலிக்குப் போகலாம், முன்னாலேயே போனாலும் தவறில்லை. சென்னையில் அஜித் நாராயணனின் இன்வென்ஷன் லேப்ஸ் உருவாக்கிய ஆவாஸ் தமிழிலும் பேசும். ஐஐடி பம்பாயில் உருவான ஜெல்லோ இலவசம். எதை எடுத்தாலும் அந்தக் கருவி பேசுவதற்கு மட்டும் இருக்கட்டும், வீடியோ பார்க்க வேறு கருவி. கரண்ட் போகும், சார்ஜ் தீரும், காகிதப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

7. கையைப் பிடித்து எழுத வைப்பவர்கள்

பிள்ளையின் கையை அல்லது முழங்கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் சுட்ட வைத்து, பக்கம் பக்கமாக வாக்கியம் வர வைப்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் கண்ணீர் வரும். 1990-களில் இதைச் சோதித்தார்கள்: பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டினார்கள். பலகையில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படம். பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாமல் நடப்பதுதான் இது. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 2018-ல் இந்த முறை வேண்டாம் என்றே அறிவித்தது. என் பிள்ளையின் வாயில் இன்னொருவர் வார்த்தை வருவதைவிட, அவனுடைய ஒரே ஒரு 'வேண்டாம்' எனக்குப் பெரிது. உதவி தேவையென்றால் பலகையை வசதியாக வைக்கலாம், நாற்காலியைச் சரிசெய்யலாம். சுட்டும் விரல் அவனுடையதாகவே இருக்க வேண்டும்.

8. ஒறம்பரையும் நோம்பியும்

மாரியம்மன் நோம்பிக்கு வீடு நிறைய ஒறம்பரை வருவார்கள், தப்புச் சத்தமும் வேட்டும் ரேடியோ செட்டும் மூன்று நாள் ஓயாது. முன்னாலேயே காலண்டரில் நாளைக் குறித்து, யார் யார் வருவார்கள் என்று படமாக ஒட்டுங்கள். காதை மூடும் ஹெட்போன் வாங்குங்கள். ஒரு அறையை அவனுக்கென்று ஒதுக்கிவிடுங்கள், அதில் யாருடைய பெட்டியும் வரக் கூடாது.

வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், "மாமனை யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது: "மாமா, அவன் பக்கத்துல உக்காந்து நீங்களும் பேசாம இருங்க. தொடாதீங்க. அவனே வருவான்." கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு மாமா மட்டும் கேட்டார். திண்ணையில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், பையன் வந்து அவருடைய கைக்கடிகாரத்தில் காதை வைத்தான். கை உதறுவது, ஆடுவது, ஒரே சத்தத்தை முனகுவது எல்லாம் அவனை நிலைப்படுத்தும் வேலைகள், சந்தோஷத்திலும் வரும். யார் சொன்னாலும் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

9. தாள்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு இசா என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிரமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. முதலில் சொன்ன 2016 சட்டத்தில் 'தொடர்பு' என்பதற்கான விளக்கத்திலேயே சைகை, எழுத்து, மாற்றுத் தொடர்பு முறைகள் எல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பள்ளியில் பலகையைக் கொண்டுவரக் கூடாது என்றால் இந்த வரியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். நான் போனேன்.

10. அவனிடம் சொல்வது

அரசுத் தாள்களில் நம்மைப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று எழுதுவார்கள். அடுத்த தெருவில் ஒரு தறி நின்றால் எனக்கு முன்னால் என் மகனுக்குத்தான் தெரியும். புற உலகம் எங்களுக்கு அளவுக்கு மேல் உள்ளே வருகிறது, அதுதான் சிக்கலே. ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. நான் ஆட்டிஸ்டிக் என்றே சொல்லிக்கொள்கிறேன். 'ஆட்டிசம் உள்ளவர்' என்பதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவரவரை அவரவர் சொல்கிற மாதிரி அழைப்போம். 1993-ல் டொரண்டோ மாநாட்டில் ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிஸ்டிக் மனிதர் பெற்றோர்களிடம், ஆட்டிசம் ஒரு ஓடு மாதிரி, அதற்குள் வேறொரு சாதாரணப் பிள்ளை அடைபட்டுக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள் என்றார். என் மகனை வெளியே எடுக்க வேண்டும் என்று நானும் பல வருடம் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தேன். வெளியே எடுக்க உள்ளே வேறு யாரும் இல்லை, இவன்தான் இருக்கிறான்.

பிள்ளைக்கு முன்னால் அவனைப் பற்றிப் பேசாதீர்கள், பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கும். அவனிடமே சொல்லுங்கள், எட்டு வயதுக்குள் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நான் சொன்னது இவ்வளவுதான்: "உனக்குச் சத்தம் பெருசா கேக்கும். சொல்லு வாயில வர நேரமாகும். ஒரே விஷயத்தை ரொம்ப நேரம் பாக்கப் பிடிக்கும். இதுக்குப் பேரு ஆட்டிஸ்டிக். அம்மாவும் அப்படித்தான்." செயலியில் அதற்கென்று ஒரு பட்டன் வைத்தேன். மூன்று மாதம் அவன் அதைத் தொடவேயில்லை.

போன தை மாதம் ஒரு சாயங்காலம், வீட்டுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, நான் சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கருவியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். 'அம்மா' என்று அழுத்தினான். 'ஆட்டிஸ்டிக்' என்று அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து 'போதும்' என்று அழுத்திவிட்டு, எழுந்து போய் அவனுடைய ஹெட்போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.